1921 ஆணையில் எண் எங்கே இருக்கிறது?

குமாரமங்கலத்தான்:
"இட ஒதுக்கீட்டை 1921-லேயே நடைமுறைப்படுத்தியது நீதிக்கட்சி" என்று ஒரு படம் காலையிலிருந்து எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறது. அப்போதைய நீதிக்கட்சி முதலமைச்சர் பனகல் அரசர் படம், கீழே பெரிய எழுத்தில் இந்த வரி. பார்த்துப் பார்த்து எரிச்சலாகிவிட்டது. சென்னை மாகாண அரசின் 1921 ஆணை சொன்னது இவ்வளவுதான்: வேலைகளைப் பல வகுப்பாருக்கும் பகிர்ந்து தர வேண்டும் என்று வருவாய்த் துறையில் இருந்த விதியை மற்றத் துறைகளுக்கும் விரிவாக்குங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை யார் யாரைச் சேர்த்தீர்கள் என்று கணக்கு அனுப்புங்கள். எந்த வகுப்புக்கு எத்தனை என்று எண் இல்லை. எண் வந்தது டாக்டர் சுப்பராயன் ஆட்சியில். அவர் நீதிக்கட்சி இல்லை. சுயேச்சை.

ராயபுரம் ரவி:
வந்துவிட்டார். சுப்பராயன் உங்கள் ஊர் ஜமீன்தார் என்பதற்காக வரலாற்றை மாற்ற முடியாது சார். 1916-ல் நடேச முதலியார், டி.எம். நாயர், தியாகராயர் கட்சி தொடங்கவில்லை என்றால் சுப்பராயனுக்கு இந்தப் பேச்சே தெரிந்திருக்காது.

குமாரமங்கலத்தான்:
நான் கேட்டது 1921 ஆணையில் எண் எங்கே என்று. கட்சி எப்போது தொடங்கியது என்று யார் கேட்டார்கள்?

ராயபுரம் ரவி:
இரட்டையாட்சி என்று ஒன்று இருந்தது தெரியுமா? நிதி, வருவாய், போலீஸ் எல்லாம் கவர்னர் கையில். அமைச்சர்களுக்கு விட்டது கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மாதிரித் துறைகள்தான். அந்த நிலையில் 1921-ல் ஓர் ஆணை, 1922-ல் இன்னொன்று, 1924-ல் ஊழியர் தேர்வுக் குழு என்று படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். அஸ்திவாரம் போட்டவனை விட்டுவிட்டுக் கடைசியில் சுண்ணாம்பு அடித்தவனுக்கு மாலை போடுகிறீர்கள்.

குமாரமங்கலத்தான்:
அதே இரட்டையாட்சியில்தானே சுப்பராயனும் இருந்தார்? 1926 டிசம்பர் முதல் 1930 வரை முதலமைச்சர். கவர்னர் அவரை மட்டும் மடியில் வைத்துக் கொஞ்சினாரா? அந்த ஆட்சியில்தான் ஒவ்வொரு 12 அரசு வேலையையும் வகுப்புவாரியாகப் பிரித்தார்கள். பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறித்தவருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. இதுதான் எண். இதற்காகப் போராடிய எஸ். முத்தையா முதலியார் எந்தக் கட்சியிலிருந்து அமைச்சரானார்? சுயராஜ்யக் கட்சி. நீதிக்கட்சி இல்லை.

பொன்னி:
ஒரு நிமிடம். எண் விதித்துப் பிரிப்பதை மட்டும்தான் இட ஒதுக்கீடு என்கிறோமா, பல வகுப்பாரும் வர வேண்டும் என்று அரசு உத்தரவிடுவதையும் சேர்த்தா? அதைப் பேசிக்கொண்டால் பாதிச் சண்டை இருக்காதே.

ராயபுரம் ரவி:
சுப்பராயன் ஆட்சியைக் காப்பாற்றியது யார் என்று மட்டும் சொல்லுங்கள். 1928-ல், அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சைமன் குழு விவகாரத்தில் இரண்டு அமைச்சர்கள் ராஜினாமா செய்தார்கள். நாற்காலி ஆடியது. ஆதரவு கொடுத்துத் தூக்கி நிறுத்தியது நீதிக்கட்சி. முத்தையா முதலியார் அமைச்சரானதே அந்தக் காலி இடத்தில்தான். இதை மட்டும் வசதியாக மறந்துவிடுவீர்கள்.

குமாரமங்கலத்தான்:
ஆதரவு கொடுத்தார்கள், சும்மாவா கொடுத்தார்கள்? அவர்கள் கட்சியின் கிருஷ்ணன் நாயருக்குக் கவர்னரின் நிர்வாக சபையில் இடம் கிடைத்தது. 1926 தேர்தலில் 98-க்கு 21 இடம் வாங்கி வீட்டுக்குப் போன கட்சி அது. வெளியிலிருந்து கை தூக்கியவன் ஆட்சி நடத்தியவன் ஆகிவிட மாட்டான். எண் எங்கே?

மைசூர் மல்லி:
இரண்டு பேரும் சென்னையை விட்டு வெளியே வாருங்கள். கோலாப்பூரில் சாகு மகாராஜா 1902-லேயே அரசு வேலையில் 50 விழுக்காடு ஒதுக்கிவிட்டார். மைசூரில் பிராமணர் அல்லாதாருக்கு அரசு வேலையில் இடம் தருவது பற்றி ஆராய 1918-ல் மில்லர் குழு அமைத்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு எல்லாமே இங்கேதான் தொடங்கியது என்ற நினைப்பு.

ராயபுரம் ரவி:
அவை சமஸ்தானங்கள். மன்னர் நினைத்தால் கையெழுத்து. இங்கே மக்கள் ஓட்டுப்போட்டு வந்த ஆட்சி.

மைசூர் மல்லி:
எந்த மக்கள்? 1920-ல் சொத்தும் வரியும் உள்ளவனுக்குத்தான் ஓட்டு. பெரிய மக்களாட்சி!

செல்வி அரக்கோணம்:
12-ல் 1 என்று ஒருவர் பெருமையாக எழுதுகிறார், அந்த ஒன்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 1921 பின்னி மில் வேலைநிறுத்தம், புளியந்தோப்புக் கலவரம் என்று ஆதிதிராவிடர்கள் அடிபட்டபோது நீதிக்கட்சித் தலைவர்கள் என்ன பேசினார்கள் என்று படியுங்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா 1923-ல் ஏன் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்? உங்கள் இரண்டு தரப்பும் சண்டை போடுவது அந்த ஐந்துக்கு யார் சொந்தக்காரர் என்றுதான்.

ராயபுரம் ரவி:
தோழர், அதைத் தனி இழையில் பேசலாம். இங்கே ஏற்கெனவே திசை திருப்ப ஒருவர் இருக்கிறார்.

செல்வி அரக்கோணம்:
எங்கள் பேச்சு வந்தால் மட்டும் தனி இழை. போன மாதம் பஞ்சமி நிலம் பற்றி எழுதியபோதும் இதையேதான் சொன்னீர்கள். தனி இழை தொடங்கினேன், நீங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குமாரமங்கலத்தான்:
செல்வி அவர்கள் சொல்வது சரியான கேள்வி, அதையும் நீதிக்கட்சியிடம்தான் கேட்க வேண்டும். அந்த ஒன்றாவது எண்ணாக எழுதப்பட்டது சுப்பராயன் காலத்தில். 1921 ஆணையில் அதுவும் கிடையாது.

செல்வி அரக்கோணம்:
என்னை உங்கள் வாதத்துக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள் ஐயா. நான் உங்கள் பக்கம் பேசவில்லை.

ராயபுரம் ரவி:
சுப்பராயன் புராணம் பாடுகிறவர் ஒன்றைச் சொல்லட்டும். அவரே பிறகு காங்கிரசில் சேர்ந்து 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் உட்கார்ந்தாரா இல்லையா? வகுப்புரிமைத் தீர்மானத்தைக் காஞ்சிபுரம் மாநாட்டில் ஏற்காததால் 1925-ல் பெரியார் எந்தக் கட்சியை விட்டு வெளியே வந்தாரோ, அதே கட்சி.

குமாரமங்கலத்தான்:
1937-ல் எங்கே உட்கார்ந்தார் என்பது 1928-ல் செய்ததை அழித்துவிடுமா? மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பான சம்பகம் துரைராஜன் வழக்கில் 1951-ல் உச்ச நீதிமன்றம் எதை ரத்து செய்தது? எண் போட்டு இடம் பிரித்த ஆணையை. அந்தத் தீர்ப்பால்தான் இங்கே கிளர்ச்சி வந்தது, அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது, பின்தங்கிய வகுப்பாருக்குத் தனி ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) பிரிவு வந்தது. கணக்கு அனுப்பச் சொன்ன 1921 ஆணைக்கு எதிராக யாராவது நீதிமன்றம் போனார்களா? எண் இருந்ததால்தான் வலித்தது.

மைசூர் மல்லி:
அந்த சம்பகம் அம்மா மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ராயபுரம் ரவி:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பொன்னி:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

குமாரமங்கலத்தான்:
ரவி, இந்த இழையில் எத்தனை முறை கேட்டேன் என்று மேலே போய்ப் பாருங்கள். 1921 ஆணையின் நகலை இங்கே போடுங்கள், எண் இருக்கும் வரியைக் கோடிட்டுக் காட்டுங்கள். இல்லையென்றால் அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

ராயபுரம் ரவி:
படம் இருக்கும். நாளைக்கு என் பக்கத்திலும் போடுவேன், தியாகராயர் படத்தையும் சேர்த்து.

குமாரமங்கலத்தான்:
போடுங்கள். கீழே முதல் கருத்து என்னுடையதாக இருக்கும்.