சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஒரு நாளைக்கு 200 ரூபாயில் மூன்று வேளை: துரைப்பாக்கம் முதல் நாவலூர் வரை எங்கே, எப்படித் தேடுவது?

கேட்டவர்: காரப்பாக்கம்_புதுசு

தங்குவது காரப்பாக்கம், வேலை சோழிங்கநல்லூர். அறையில் சமைக்க வசதி இல்லை, ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கர் வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி உண்டு. மூன்று வேளைக்கும் சேர்த்து 200 ரூபாய், அதிகபட்சம் 220. சைவம், அசைவம் இரண்டும் சரி.

மெட்ரோ வேலைக்குத் தகரத் தடுப்பு அடித்த பிறகு மெயின் ரோட்டில் இருந்த தள்ளுவண்டிகள் பல இடம் மாறிவிட்டன. மிச்சம் கண்ணில் படுவதெல்லாம் ஏசி போட்ட கடைகள். ஒரு தோசை சாப்பிட்டாலே பட்ஜெட்டில் பாதி காலி. கடைப் பெயர் சொன்னால் நல்லதுதான், ஆனால் ஆறு மாதத்தில் அந்தக் கடையே இருக்குமா என்று தெரியாது. அதனால் தேடும் முறையைச் சொன்னால் இன்னும் உதவியாக இருக்கும். மாதக் கணக்கில் மெஸ்ஸில் சேரலாமா என்பதையும் சொல்லுங்கள்.

---

பதில் 1: ஒக்கியம்_மேட்டுத்தெரு

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஓ.எம்.ஆர். வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய். பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நடுவில் ஆள் குடியிருக்கிற நிலம் ஒடுங்கிய பட்டைதான். ஐ.டி. கட்டடங்கள் வருவதற்கு முன்னால் இருந்த ஊர்த் தெருக்கள் ரோட்டுக்கும் கால்வாய்க்கும் இடையில் இன்னும் இருக்கின்றன: ஒக்கியம் துரைப்பாக்கம், மேட்டுக்குப்பம், உங்கள் காரப்பாக்கம். மலிவான சாப்பாடு அங்கேதான்.

காரணம் வாடகை. மெயின் ரோட்டைப் பார்த்த கடைக்கு அட்வான்ஸும் வாடகையும் கொடுத்துவிட்டு 80 ரூபாய்க்குச் சாப்பாடு போட யாராலும் முடியாது. ரோட்டிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே போனால், சொந்த வீட்டின் முன் அறையிலோ திண்ணையிலோ அடுப்பு வைத்து நடத்துகிறவர்கள் இருப்பார்கள். வாடகை இல்லாததால்தான் அவர்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகிறது.

தேடும்போது போர்டைப் பார்க்காதீர்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ஆட்டோ ஸ்டாண்ட், மெக்கானிக் ஷெட், தண்ணீர் லாரி நிற்கிற இடம், ஐ.டி. பார்க்கின் பின் கேட். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேப் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பின் கேட் வழியாகத்தான் சாப்பிடப் போவார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவர்கள் எந்தச் சந்துக்குள் நுழைகிறார்கள் என்று கவனித்தால் போதும்.

ஒரே நாளில் மூன்று தடவை நடந்து பாருங்கள். காலை ஏழரை, மதியம் பன்னிரண்டரை, இரவு ஏழரை. காலையில் இட்லி போடுகிற வீட்டு வாசல் பத்து மணிக்கு மேல் வெறும் வாசல். இரவில் பரோட்டா போடும் வண்டி பகலில் தார்ப்பாய் மூடி நிற்கும். சனிக்கிழமை பகலில் ஒரு தடவை மட்டும் சுற்றிவிட்டு இங்கே ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டுவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு.

இன்னொன்று, ரோட்டைத் தாண்டும் கணக்கு. தடுப்பும் யூ-டர்னும் மாறிக்கொண்டே இருப்பதால், எதிர்ப்புறம் 50 மீட்டரில் தெரிகிற கடைக்கு நடந்து போக 15 நிமிடம் ஆகலாம். ஒரு மணி நேர இடைவேளையில் அது ஒத்துவராது. ஆபீஸ் இருக்கும் பக்கம் ஒரு கடை, அறை இருக்கும் பக்கம் ஒரு கடை என்று தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

துரைப்பாக்கத்தை ஒட்டிய மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரை விட்டுவிடாதீர்கள். மாலை நேரத்தில் வீட்டு வாசல் கடைகள் அங்கே நிறைய. இட்லி, ஆப்பம், குஸ்கா, மீன் வறுவல் எல்லாம் மெயின் ரோட்டு விலையைவிட நன்றாகக் குறைவு. அந்தப் பகுதியைப் பற்றி வெளியே பேசுகிற பேச்சை நம்பி ஒதுக்குகிறவர்களுக்கு நல்ல சாப்பாடு நஷ்டம்.

---

பதில் 2: கல்லாப்பெட்டி

மேலே சொன்னது சரி. நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

200 ரூபாய் இப்படி உட்காரும்: காலை நாலு இட்லி 45, மதியம் அளவு சாப்பாடு 90, இரவு 60. மொத்தம் 195. உள்தெரு விலையில் இது நடக்கும். இதை உடைப்பது பெரும்பாலும் டீதான். ஆபீஸ் வாசலில் ஒரு நாளைக்கு மூன்று டீ, இரண்டு வடை என்றால் 60 ரூபாய்க்கு மேல். அது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ஆபீஸில் டீ மெஷின் இருந்தால் அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

அளவு சாப்பாடா, ஃபுல் மீல்ஸா? இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிடுகிறவருக்குத்தான் ஃபுல் மீல்ஸ் லாபம். மற்றவர்களுக்கு அளவு போதும். பார்சல் ஃபுல் மீல்ஸ் வேறு கதை. பல மெஸ்களில் அதில் வைக்கும் சோறு இரண்டு பேருக்குக் காணும். அறை நண்பர் ஒருவர் இருந்தால் ஒரு பார்சலைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு 70க்குள் முடிந்துவிடும்.

இனி பில். ஏசி இல்லாத சின்னக் கடை என்றால் ஜிஎஸ்டி போடமாட்டார்கள் என்பதில்லை. 2017 நவம்பரிலிருந்து சாதாரண உணவகங்களுக்கு ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவீதம்தான். ஆனால் காம்பொசிஷன் திட்டத்தில் (சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரி முறை) இருக்கிற கடை அந்த வரியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், நம்மிடம் தனியாக வாங்கக் கூடாது. பதிவே செய்யாத கடையும் வாங்க முடியாது. பில்லில் வரி போட்டிருந்தால் 15 இலக்க ஜிஎஸ்டி எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் நிதானமாகக் கேளுங்கள். சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

டெலிவரி ஆப் வழியாக இந்த பட்ஜெட் நடக்கவே நடக்காது. கமிஷனை ஈடுகட்டப் பல கடைகள் ஆப்பில் விலையை ஏற்றித்தான் போடுகின்றன. அதன் மேல் பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம். 2022 ஜனவரி 1 முதல் கடைக்காரர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்தாலும் ஆப் நிறுவனம் 5 சதவீதம் வசூலித்துக் கட்ட வேண்டும். அப்படிப் பதிவு இல்லாத கடையில் அதே சாப்பாட்டை நேரில் போய் வாங்கினால் அந்த 5 சதவீதமே கிடையாது. ஆப்பைக் கடை கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். பெயரையும் இடத்தையும் பார்த்துவிட்டு நடந்து போய் வாங்குங்கள்.

---

பதில் 3: சிறுசேரி_ஷிஃப்ட்

அம்மா உணவகத்தை யாரும் சொல்லவில்லையே! 2013ல் தொடங்கியது, ஒவ்வொன்றையும் சேர்த்தபோது வைத்த விலைதான்: இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, இரவில் இரண்டு சப்பாத்தி பருப்புடன் 3. காலை 7 முதல் 10, மதியம் 12 முதல் 3. காலையில் எட்டரைக்குள் போய்விடுங்கள், பொங்கல் சீக்கிரம் தீரும். டோக்கன் வாங்கி அங்கேயே சாப்பிட வேண்டும், பார்சல் எதிர்பார்க்காதீர்கள்.

எல்லையைக் கவனியுங்கள். இவை மாநகராட்சி நடத்துபவை. பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி 2011 விரிவாக்கத்தில் மாநகராட்சிக்குள் வந்தவை. நாவலூர், சிறுசேரி, படூர் அதற்கு வெளியே, அங்கே போய்த் தேடாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் காலை மட்டும் அங்கே சாப்பிட்டாலே மாதம் 450 ரூபாய்க்கு மேல் மிச்சம், அதை ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாவலூர், தாழம்பூர் பக்கம் வர வேண்டியிருந்தால், கட்டட வேலை நடக்கிற இடங்களை ஒட்டி வட மாநிலத் தொழிலாளர்களுக்காக நடத்தும் சோற்றுக்கடைகள் உண்டு. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு பொரியல், வேண்டுமானால் முட்டையோ மீனோ. கடுகெண்ணெய் வாசம் ஒத்துக்கொள்கிறவருக்கு வயிறு நிறைய, விலை குறைய. கட்டடம் முடிந்ததும் கடையும் அடுத்த சைட்டுக்கு நகர்ந்துவிடும், அதனால் கிரேன் எங்கே தெரிகிறதோ அங்கே பாருங்கள்.

---

கேட்டவர்: காரப்பாக்கம்_புதுசு

ரொம்ப நன்றி, எல்லோருக்கும். உள்தெருவில் ஒரு மெஸ் பார்த்தேன். மாதம் மதியம், இரவு இரண்டு வேளைக்கும் சேர்த்து முழுப் பணமும் முன்னால் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? சுத்தத்தை எதை வைத்துத் தீர்மானிப்பது?

---

பதில் 4: ரெண்டாவது_உலை

முழு மாதப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள் தம்பி. ஏமாற்றுவார்கள் என்று சொல்லவில்லை. இந்தப் பகுதியில் கட்டடம் கைமாறுவதும் இடிபடுவதும் சகஜம். காலி செய்யச் சொன்னால் மெஸ் நடத்துகிறவருக்கே பத்து நாள்தான் அவகாசம். அட்வான்ஸைத் திரும்ப வாங்க அவர் அலைவார், அவரிடமிருந்து வாங்க நீங்கள் அலைவீர்கள்.

முதல் வாரம் தினம் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை விடாமல் போக வேண்டும், ஏனென்றால் ஐ.டி. ஆட்கள் பெரும்பாலும் செவ்வாய், புதன், வியாழன்தான் ஆபீஸ் வருகிறார்கள். அந்த மூன்று நாளும் சமையல் நிறைய, வேகமாகக் காலியாகும், எல்லாம் சூடாக இருக்கும். வெள்ளிக்கிழமை குறைவாகச் சமைப்பார்கள், ஒன்றே முக்காலுக்குப் போனால் பொரியல் இருக்காது. திங்கள், வெள்ளி சாப்பாடு எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் மெஸ்ஸை எடைபோட வேண்டும்.

பிறகு டோக்கன் கேளுங்கள். "மாசக் கணக்கு வேணாம், முப்பது டோக்கன் குடுங்க, நாப்பத்தஞ்சு நாள்ல சாப்பிட்டுக்கறேன்" என்று சொன்னால் பல இடத்தில் ஒத்துக்கொள்வார்கள். மாதக் கணக்கில் போனால் நீங்கள் ஊருக்குப் போகிற நாளும் காசில் போகும். முப்பதுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பதினைந்தாக வாங்குங்கள். எது சேரும், எது சேராது என்று முதல் நாளே பேசிவிடுங்கள்: இரண்டாம் சோறு, தயிர், அப்பளம், முட்டை, ஞாயிறு இரவு. பொங்கல், தீபாவளிக்கு மாஸ்டர் ஊருக்குப் போனால் ஒரு வாரம் பத்து நாள் அடுப்பு எரியாது, அந்த நாட்களை டோக்கன் கெடுவில் சேர்க்கக் கூடாது.

நேரம் முக்கியம். பன்னிரண்டேகாலிலிருந்து ஒரு மணிக்குள் போங்கள். கூட்டம் கூடினால் ஒன்றரைக்கு மேல் சாம்பாரில் வெந்நீர் விழும். அண்டாவில் பருப்பு அடியில் தங்கி, மேலே மஞ்சள் தண்ணீர் தெளிந்து நிற்கும். பரிமாறுகிறவர் மேலாக மொண்டு ஊற்றினால் "அண்ணே, அடியிலேர்ந்து ஒரு கலக்கு கலக்கி ஊத்துங்க" என்று சொல்லுங்கள், அதில் தப்பே இல்லை. புளி ரசம் காலையில் கூட்டியதா, நேற்றையதா என்பது வாசத்திலேயே தெரியும். பழைய ரசத்தில் கொத்தமல்லி கறுத்துச் சுருண்டு அடியில் கிடக்கும்.

சுத்தத்துக்கு மூன்று இடம் பாருங்கள். முதலாவது தண்ணீர். இந்தப் பக்கம் லாரித் தண்ணீரை நம்பித்தான் பெரும்பாலும் பிழைப்பு. வெயில் காலத்தில் லாரி விலை ஏறும்போது தட்டு கழுவுகிற தண்ணீரில்தான் முதலில் சிக்கனம் பிடிப்பார்கள். ஒரே டப்பில் முக்கி எடுத்தால் அங்கே தட்டு வேண்டாம், வாழை இலை போடும் கடையாகப் பாருங்கள். குடிக்கிற தண்ணீர் மூடிய கேனிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது வடைச் சட்டி. மாலை நாலு மணிக்கு எட்டிப் பாருங்கள்: எண்ணெய் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தாலோ, மாவு போட்டதும் நுரை அடங்காமல் பொங்கினாலோ, குறைந்த தீயிலேயே புகைந்தாலோ அது பலமுறை காய்ந்த எண்ணெய். மூன்றாவது தேங்காய்ச் சட்னி. சித்திரை வைகாசியில் பத்து மணிக்கு மேல் அதைத் தொடாதீர்கள், காரச் சட்னி கேளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம், சுவரில் மாட்டியிருந்தால் நல்லது. ஆனால் அது மாட்டியிருப்பதால் மட்டும் சட்டி சுத்தம் என்று ஆகிவிடாது.

---

பதில் 5: தூக்குவாளி

குக்கர் வைக்க அனுமதி உண்டு என்கிறீர்களே, அதுதான் உங்களுக்குப் பெரிய ஆதாயம். இரவுக்குச் சோறு மட்டும் நீங்கள் வடித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 100, 125 கிராம் அரிசி போதும். மெஸ்ஸில் "குழம்பு மட்டும்" என்று கேட்டால் பாக்கெட்டாகத் தருவார்கள்: சாம்பாரோ காரக்குழம்போ ஒன்று, பொரியல் ஒன்று. அசைவக் கடையில் சால்னா. கூட ஆவின் தயிர் ஒரு பாக்கெட். இரவுச் செலவு அரிசியோடு சேர்த்து 45 ரூபாயைத் தாண்டாது.

ஒரு எவர்சில்வர் தூக்கு கையோடு கொண்டுபோங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும் கொதிக்கிற குழம்பை அதில்தான் கட்டுகிற கடைகள் இருக்கின்றன. சூட்டில் பை இளகும், உடம்புக்கும் ஆகாது, வண்டியில் போகும்போது பிய்ந்தால் குழம்பும் போச்சு. தூக்கு நீட்டினால் பார்சல் காசு கேட்கமாட்டார்கள், கரண்டியும் கொஞ்சம் தாராளமாக விழும்.

அரிசி வாங்கும்போது மளிகைக் கடையில் சில்லறையாக 5 கிலோ வாங்குங்கள். 26 கிலோ மூட்டை என்று ஒன்று பார்ப்பீர்கள்: 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத வரி வந்த பிறகு ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டிய மூட்டை அது. கிலோ விலை குறைவுதான், ஆனால் ஒற்றை ஆளுக்கு அது தீர்வதற்குள் வண்டு பிடித்துவிடும். அறையில் மூன்று பேர் சேர்ந்து சமைப்பதாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

---

கேட்டவர்: காரப்பாக்கம்_புதுசு

பதினைந்து டோக்கனுக்கு மெஸ் அக்கா ஒத்துக்கொண்டார், மதியம் மட்டும். இரவுக்குக் குக்கரும் தூக்கும். நாளைக் காலை எட்டு மணிக்கு அம்மா உணவகம் பார்க்கிறேன். பின் கேட் சந்தில் இன்று ஒரு ஆப்பக் கடை கண்ணில் பட்டது, மாலை ஆறு மணிக்கு மேல்தான் போடுகிறார்கள். தேங்காய்ப்பால் சேர்த்து இரண்டு ஆப்பம் 30 ரூபாய். வேறு யாராவது சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு மேற்கே, மேடவாக்கம் ரோட்டுப் பக்கம் மதியச் சாப்பாட்டுக்கு இடம் தெரிந்தால் இதே இழையில் சேருங்கள்.