மறு: "ஸ்டஃபாஜ்" – தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, வணக்கம். நிலக்காட்சி ஓவியத்தில் ஓவியர் சேர்க்கும் குட்டி மனிதர், விலங்கு உருவங்களை ஸ்டஃபாஜ் என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் மடல்களில் நீங்கள் கேட்டவற்றுக்கு என் மறுமொழி:

> நிலக்காட்சி ஓவியத்தில் ஓரமாக வரும் குட்டி மனிதர்கள், ஆடுமாடுகளுக்குத் "துணையுரு" போதுமே?

போதாது. ஜெர்மன் ஓவியர் கார்ல் பிளெச்சென் 1830களின் தொடக்கத்தில் தீட்டிய, இத்தாலியின் வில்லா தெஸ்தே மாளிகைப் பூங்கா ஓவியத்தைப் பாருங்கள்; பெர்லினின் பழைய தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. இரு பக்கமும் கருகருவென்று ஓங்கிய சைப்ரஸ் மரங்கள், உச்சியில் வெளிறிய மாளிகை. மர நிழலடியில் பழைய காலத்து உடையில் எறும்புபோலச் சிலர். பிளெச்சென் 1828-29இல் இத்தாலிக்குப் போனபோது அப்படி உடுத்தியவர்கள் அங்கே உலாவியிருக்க வழியில்லை. அதற்கு முன் அவர் பெர்லின் நாடகக் கொட்டகையில் காட்சித்திரை எழுதியவர்; அந்தக் கை ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ஜெர்மானியர் 'ஸ்டஃபீரன்' என்னும் வினைக்குப் பிரெஞ்சு வால் ஒட்டி ஆக்கிய சொல்தான் ஸ்டஃபாஜ். ஒப்பனை செய்வது, வேண்டியதை இட்டு நிரப்புவது என்று அந்த வினைக்குப் பொருள்.

சிக்கல் 'உரு'வில்தான். திவோலியில் உள்ள அந்தத் தோட்டத்தில் பல முலைகளிலிருந்து நீர் சொரியும் எபேசு தேவி (கிரேக்கத் தெய்வம் ஆர்ட்டெமிஸ்) சிலையாக நிற்கிறாள்.  அவளைத் தீட்டினால் அவளும் உருதான். ஆனால் சிலை ஸ்டஃபாஜ் ஆகாது. அது தோட்டத்தின் சொத்து.

போன மடலில் ஒருவர் 'கருவுரு' என்றார், சங்க இலக்கியத் திணைகளின் கருப்பொருளை நினைத்து. எனக்கும் ஆசைதான். ஆனால் கருப்பொருளில் மரமும் நீரும்கூட அடக்கம். தவிர, அவை திணைக்கே உரியவை. ஓவியத்தின் குட்டி மனிதர்களோ ஓவியர் அழைத்து வந்தவர்கள். கருவுரு என்றதும் மகப்பேறு மருத்துவம் நினைவுக்கு வருவது வேறு!

என் பரிந்துரை: நடமாட்டவுரு. 'ஆள் நடமாட்டமே இல்லை' என்கிறோமே, அந்த நடமாட்டம். மாட்டுக்கும் பொருந்தும், சிலைக்குப் பொருந்தாது. நீரூற்றும் அசைகிறதே என்றால், நீர் நடமாடியது என்று யாரும் சொல்வதில்லை.

> படுத்துத் தூங்கும் மேய்ப்பனும் நடமாட்டவுருவா?

ஆம். ஆள் நடமாட்டம் உள்ள தெரு என்னும்போது திண்ணையில் சாய்ந்திருப்பவரையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்?

சொல் கொஞ்சம் நீளம், ஒப்புக்கொள்கிறேன். 'நடமாட்டுரு' என்று குறுக்கினால் புணர்ச்சி இடம் கொடுக்குமா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.