பிளக்கும் வயரும் மாற்றிய பிறகு வண்டி மிஸ் அடிக்கிறது, அவசர உதவி தேவை

பாதிரிப்புலியூரான் (சனி, இரவு 8.10)
அனைவருக்கும் வணக்கம். இன்று மாலை வீட்டு வாசலிலேயே என் காருக்கு ஸ்பார்க் பிளக்குகளையும் பிளக் வயர்களையும் புதிதாக மாற்றினேன். அதற்கு முன்பு வண்டி நன்றாகத்தான் ஓடியது. காலையில் முதல் முறை ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும் சற்று அடம்பிடிக்கும். இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நின்ற இடத்திலேயே உதறுகிறது, சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை வருகிறது, இரண்டாவது கியரில் இழுவையே இல்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மாவைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நாளை ஞாயிறு என்பதால் மெக்கானிக் கிடைக்க மாட்டார். எங்கே தவறு செய்திருப்பேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை (8.22)
நண்பரே, எந்தக் கார், எந்த ஆண்டு, பெட்ரோல் போவது கார்புரேட்டர் வழியா இன்ஜெக்ஷன் வழியா, மொத்தம் எத்தனை சிலிண்டர் என்று ஒன்றையும் நீங்கள் சொல்லவில்லை. இப்போது வரும் பெரும்பாலான கார்களில் பிளக் வயர் என்பதே கிடையாது, ஒவ்வொரு பிளக்கின் மேலும் பொறிக்கு மின்சாரம் தரும் காயில் ஒன்று நேராக உட்கார்ந்திருக்கும். வயர் மாற்றினேன் என்று நீங்கள் சொல்வதால் பழைய வண்டி என்பது மட்டும் புரிகிறது.

புதிய ஓட்டுநர் (8.25)
பிளக்கின் எண் என்ன, பொறி தாவும் முனையின் இடைவெளியை அளந்து பார்த்தீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

முதுநகர் (8.31)
முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் பெட்ரோல் போட்டீர்களா? லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று கடலூரில் பாதிப் பேர் அங்கே போய்த்தான் நிரப்புகிறார்கள். எனக்கும் ஒருமுறை இப்படித்தான் உதறியது, டேங்கைக் காலி செய்த பிறகே சரியானது. இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலக்கிறார்கள், அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும்.

எண்பத்துமூன்று மாடல் (8.47)
இரண்டு ஸ்பேனர் வாங்கியவர்கள் எல்லாம் மெக்கானிக் ஆகிவிட்ட காலம் இது. தம்பி, கையைச் சுட்டுக்கொள்வதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும், சுட்டுக்கொண்ட பிறகு அல்ல. வயரின் வரிசையை மாற்றிச் செருகியிருக்கிறீர்கள், வேறு காரணம் இருக்க வாய்ப்பே இல்லை. நாற்பது ஆண்டுகளாக இதைத்தான் பார்த்து வருகிறேன்.

பாதிரிப்புலியூரான் (9.05)
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். மாருதி 800, 1998, கார்புரேட்டர். பழைய பிளக்கில் இருந்த அதே எண்ணைக் காட்டித்தான் வாங்கினேன். இடைவெளியை ஆக்ஸா பிளேடு வைத்துப் பார்த்தேன். பெட்ரோல் கடலூரிலேயே போட்டது, போன வாரம்.

லாஸ்பேட்டை வாசி (9.30)
800 என்று தெரிந்துவிட்டதால் இனி ஒழுங்காக யோசிக்கலாம். அந்த எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர்கள், பொறி விழும் வரிசை 1-3-2. பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஏதேனும் இரண்டு வயர்கள் இடம் மாறினால் அந்த இரண்டு சிலிண்டர்களுக்குமே தவறான நேரத்தில் பொறி போகும், மிச்சம் ஒன்றுதான் இருக்கும், அதை மட்டும் நம்பி எஞ்சின் ஓடாது. கார்புரேட்டர் வழியாகப் பட்டாசு போல வெடித்துவிட்டு நின்றுவிடும். இவருடைய வண்டி ஸ்டார்ட் ஆகி, உதறிக்கொண்டாவது ஓடுகிறது, தெருவில் இரண்டாவது கியர் வரை போயிருக்கிறது. ஆகவே இரண்டு சிலிண்டர்கள் வேலை செய்கின்றன, ஒன்று செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும். வரிசை தவறு என்ற முடிவு நான்கு சிலிண்டர் வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வருவது, மூன்றுக்கு அது பொருந்தாது.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது எளிது. எஞ்சினை நிறுத்துங்கள், ஒரு பிளக்கின் வயரை மட்டும் கழற்றுங்கள், கழற்றிய வயரின் முனையில் உங்களுடைய பழைய பிளக் ஒன்றைச் செருகி அதன் உலோக உடல் எஞ்சினில் நன்றாகப் படும்படி, கார்புரேட்டருக்குத் தள்ளி வைத்துவிட்டு, மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர் என்றால் உதறல் பல மடங்காகும் அல்லது எஞ்சின் நின்றேவிடும். ஏற்கெனவே செத்துக் கிடந்த சிலிண்டர் என்றால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ஓடும் எஞ்சினில் வெறும் கையால் வயரைப் பிடுங்காதீர்கள். அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட், பழைய மெக்கானிக்குகள் சிரித்துக்கொண்டே செய்து காட்டுவதைப் பார்த்து நாமும் செய்யக் கூடாது. இதே சோதனையைப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் நீண்ட நேரம் செய்யவும் கூடாது, எரியாத பெட்ரோல் அதற்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.

எண்பத்துமூன்று மாடல் (9.41)
இந்த 800 மாடல் 1983 டிசம்பரில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். ஆக்ஸா பிளேடு வைத்து இடைவெளி பார்ப்பவருக்குச் சிலிண்டர் சோதனை எல்லாம் சொல்லிக் கொடுப்பது வீண் வேலை. ஃபீலர் கேஜ் என்று ஒன்று விற்கிறார்கள்.

கெடிலக்கரை (9.50)
ஐயா, பிளேடு வைத்துப் பார்ப்பதை இந்த ஊரில் தொடங்கி வைத்ததே உங்கள் தலைமுறை மெக்கானிக்குகள்தான். பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர், எனவே இடைவெளி சற்றுக் குறைவாக அமைந்திருக்கலாம். அதனால் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது (ஐடிலிங்) கொஞ்சம் கரடுமுரடாகலாமே தவிர, ஒரு சிலிண்டர் அடியோடு படுத்துவிடாது.

கடற்காற்று (10.02)
நான் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன், கடலுக்கும் என் வண்டிக்கும் நடுவே இருநூறு மீட்டர்கூட இல்லை. இங்கே எதுவும் துருப்பிடிக்காமல் தப்பாது. பழைய பிளக்கைக் கழற்றும்போதே அந்த மரையில் துருவும் உப்பும் ஏறியிருந்திருக்கும், அதைத் துடைக்காமல் புதியதைத் திருகியதால் பிளக் முழுவதாக இறங்கியிருக்காது, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் (கம்ப்ரஷன்) கசிகிறது. நான் எப்போதும் மரையில் காப்பர் கிரீஸ் தடவித்தான் போடுகிறேன். எங்கள் பகுதியில் அதைத் தடவாமல் போட்டால் அடுத்த முறை பிளக் மரையோடுதான் வெளியே வரும்.

எண்பத்துமூன்று மாடல் (10.10)
பிளக் மரையில் கிரீஸ் தடவுவது அறியாமை. எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

கடற்காற்று (10.16)
பன்னிரண்டு ஆண்டுகளாகத் தடவுகிறேன், என் ஹெட் கெடவில்லை. கடற்கரையில் வண்டி வைத்திருக்காதவர்கள் உப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

லாஸ்பேட்டை வாசி (10.40)
இதில் எண்பத்துமூன்று மாடல் சொல்வது சரி, ஆனால் காரணத்தைச் சொல்லாமல் திட்டினால் யாருக்கும் பயனில்லை. என்.ஜி.கே. போன்ற நிறுவனங்கள் பிளக்கின் உலோக உடலில் துருப்பிடிக்காத பூச்சு கொடுத்தே விற்கின்றன, அதனால் கிரீஸ் வேண்டாம் என்றே சொல்கின்றன. கிரீஸ் இருந்தால் மரையில் உராய்வு குறைந்துவிடும். டார்க் ரெஞ்சு அதே எண்ணைக் காட்டினாலும் உண்மையில் பிளக் அளவுக்கு மீறி இறுகியிருக்கும், மரை இழுபடும். 14 மில்லிமீட்டர் மரையுள்ள பிளக்கை அலுமினிய ஹெட்டில் ஏறத்தாழ 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் அளவுக்கு, உலர்ந்த மரையில் இறுக்கினால் போதும். ரெஞ்சு இல்லாதவர்கள் கையாலேயே திருகி, வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பேனரால் அரைச் சுற்றுக்குச் சற்று மேலே கொண்டுபோனால் சரியாக இருக்கும். அது புதிய வாஷருக்கான கணக்கு. ஒருமுறை நசுங்கிய வாஷருக்கு அவ்வளவு சுற்று கூடாது.

உப்புக் காற்றுக்கு அஞ்சுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பிளக்கைக் கழற்றி மரையை உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் போட்டாலே மாட்டிக்கொள்ளாது. கிரீஸ் தடவ ஆசை இருந்தால் வயரின் ரப்பர் மூடிக்குள் சிலிக்கான் கிரீஸ் சிறிது தடவுங்கள், அங்கே அது ஈரத்தைத் தடுக்கும், அடுத்த முறை மூடி கிழியாமலும் வரும்.

கடற்காற்று (10.52)
நிறுவனம் சொல்வது ஜப்பான் வானிலைக்கு. அவர்கள் 'தானே' புயலுக்குப் பிறகு கடலூரில் வண்டி ஓட்டிப் பார்க்கவில்லை.

எண்பத்துமூன்று மாடல் (10.55)
ஜப்பானைச் சுற்றிலும் கடல்தான் இருக்கிறது என்பதை யாராவது இவருக்குச் சொல்லுங்கள்.

முதுநகர் (11.04)
இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், பெட்ரோல் விஷயத்தை ஒருவரும் கவனிக்கவில்லை.

கெடிலக்கரை (11.09)
அவர் கடலூரிலேயே போட்டதாகச் சொல்லிவிட்டார். மேலும் புதுச்சேரிப் பக்கம் விலை குறைவதற்கு வரி குறைவு என்பதே காரணம், சரக்கு வேறு அல்ல. பெட்ரோல் கெட்டிருந்தால் மூன்று சிலிண்டர்களும் சேர்ந்துதான் முனகும்.

பாதிரிப்புலியூரான் (ஞாயிறு, காலை 7.35)
லாஸ்பேட்டை அண்ணன் சொன்ன சோதனையை இப்போது செய்தேன். முதல் வயரையோ இரண்டாவது வயரையோ கழற்றினால் எஞ்சின் நின்றுவிடுகிறது. மூன்றாவதைக் கழற்றினால் எந்த வித்தியாசமும் இல்லை. மூன்றாவது பிளக்கை வெளியே எடுத்துப் பார்த்தேன், பெட்ரோலில் நனைந்திருக்கிறது. அந்த இடத்தில் பழைய வயரைப் போட்டும் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. வரிசை சரியாகவே இருக்கிறது. ஒவ்வொரு வயராகக் கழற்றி உடனுக்குடன் மாற்றியதால் குழம்ப வாய்ப்பில்லை.

லாஸ்பேட்டை வாசி (8.02)
நல்ல முறையில் செய்திருக்கிறீர்கள். நனைந்த பிளக் என்றால் பெட்ரோல் வந்திருக்கிறது, பொறி வரவில்லை என்று பொருள். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி என்றும், எண்ணெய் படிந்திருந்தால் ரிங் அல்லது வால்வு பக்கம் என்றும் வேறு திசையில் போயிருப்போம். பழைய வயர் நேற்று வரை வேலை செய்தது, அதைப் போட்டும் சரியாகவில்லை என்பதால் வயரின் மேல் பழி இல்லை. மூன்றாவது பிளக்கையும் முதலாவது பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். பழுது பிளக்கோடு சேர்ந்து முதல் சிலிண்டருக்கு நகர்ந்தால் பிளக், அங்கேயே இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.

ஸ்பேனரைச் சாய்த்து இறுக்கும்போது பீங்கானில் மயிரிழை போன்ற விரிசல் விழுவதுண்டு; பொறி அந்த விரிசல் வழியாக உடலுக்குப் பாய்ந்துவிடும். வெயிலில் பிடித்துப் பாருங்கள், கறுத்த மெல்லிய கோடு தெரிகிறதா என்று. இன்னொரு கேள்வி: மூன்று பிளக்குகளும் ஒரே பெட்டியில் வந்தவைதானா?

பாதிரிப்புலியூரான் (8.20)
விரிசல் இல்லை. மூன்றும் ஒரே கடையில் வாங்கியவை அல்ல. மஞ்சக்குப்பத்தில் இரண்டுதான் இருந்தன, மூன்றாவதைப் பக்கத்தில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் வாங்கினேன். எண் ஒன்றுதான், நிறுவனம் மட்டும் வேறு.

எண்பத்துமூன்று மாடல் (8.26)
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு இரவு மிச்சமாகியிருக்கும். நிறுவனம் வேறு என்றால் எண் எப்படி ஒன்றாகும்? என்.ஜி.கே.யில் எண் ஏற ஏற பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டை விரைவாக வெளியேற்றுவது, பாஷில் எண் ஏற ஏற சூடான வகை. ஒன்றின் எண்ணை மற்றொன்றில் தேடுவது கோயில் பூட்டுக்கு வீட்டுச் சாவியைப் போடுவது போன்றது.

லாஸ்பேட்டை வாசி (8.38)
அவர் சொல்வது உண்மை, பெட்டியைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வெப்ப வகை மாறினாலும் முதல் நாளே பொறி நின்றுவிடாது. எனக்கு வேறு சந்தேகம். பிளக்கின் உச்சியைப் பாருங்கள். மற்ற இரண்டிலும் குமிழ் போன்ற சிறு நட் இருக்கும். பல மோட்டார் சைக்கிள்களின் பிளக் மூடி வெறும் மரைத்தண்டின் மேலேயே உட்காரும், அதனால் அந்தக் கடைகளில் விற்கும் பிளக்கில் நட் தனியாகப் பெட்டிக்குள் கிடக்கும், அல்லது கடைக்காரரே கழற்றி வைத்திருப்பார். கார் வயரின் மூடிக்குள் இருக்கும் கவ்வி பிடித்துக்கொள்வது அந்தக் குமிழைத்தான். அது இல்லாவிட்டால் வெளியே ரப்பர் நன்றாக இறங்கியது போலத் தோன்றும், உள்ளே கவ்வி அந்தரத்தில் நிற்கும், பொறி எங்கே வேண்டுமானாலும் தாவும்.

புதிய ஓட்டுநர் (8.44)
செருகும்போது "டக்" என்று சத்தம் கேட்டதா?

கெடிலக்கரை (மாலை 5.15)
பாதிரிப்புலியூர் நண்பரே, என்ன ஆயிற்று? நாளைக் காலை ஜிப்மர் செல்ல வேண்டும் என்றீர்களே. வண்டி சரியாகவில்லை என்றால் சொல்லுங்கள், என் வண்டி நாளை வீட்டில்தான் நிற்கிறது.

பாதிரிப்புலியூரான் (திங்கள், பிற்பகல் 2.50)
நட்டுதான். காலிப் பெட்டியின் அடியில் ஒரு காகிதத்தில் சுற்றிக் கிடந்தது, குப்பையில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இப்போதைக்கு அதைத் திருகிப் போட்டேன், வண்டி பழையபடி ஓடுகிறது, ஜிப்மருக்குப் போய் வந்துவிட்டோம். அதே நிறுவனத்தின் மூன்றாவது பிளக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி, கெடிலக்கரை அண்ணனுக்குத் தனியாக நன்றி.

எண்பத்துமூன்று மாடல் (3.10)
இணைப்பில்தான் கோளாறு என்று நான் முதலிலேயே சொன்னேன்.

புதிய ஓட்டுநர் (3.14)
நீங்கள் சொன்னது வரிசை, ஐயா.

கடற்காற்று (4.02)
எல்லாம் சரி, மூன்றாவது பிளக்கைத் திரும்பப் போடும்போது மரையில் கிரீஸ் தடவினாரா இல்லையா என்று சொல்லாமலே போய்விட்டாரே.