சபையை விட்டு வந்தும் பயம் விடவில்லை: தமிழில் பேசும் கவுன்சலர் தேவை

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆள் நான். பதினோரு வருடம் போன கிறிஸ்தவச் சபையை விட்டு அம்மாவும் நானும் மார்ச்சில் வெளியே வந்தோம். தசமபாகத்துக்கு (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னார்கள், பொறுத்துக்கொண்டோம். அம்மாவின் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மாத்திரையை "விசுவாசக் குறைவு" என்று நிறுத்தச் சொன்னபோதுதான் வாயைத் திறந்தேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் என் பெயர். தன்னைச் சொல்லித்தான், அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்றார் பாஸ்டர். (பைபிளில் அந்த வசனம், சங்கீதம் 105:15, ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பற்றியது என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.) அன்றிலிருந்து பக்கத்து லயத்து அக்காகூட எங்கள் வீட்டுக் கறிக்குக் கிண்ணம் நீட்டுவதில்லை.

அம்மா மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார், சரி. எனக்குத்தான் விடவில்லை. ஞாயிறு காலை கீபோர்ட் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் பாஸ்டரை எதிர்த்ததால் சாபம் பலித்துவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் பாஸ்டர் குரல்தான் கேட்கிறது.

பழைய சபையின் மூப்பரிடம் பேசினேன், போய் மன்னிப்புக் கேள் என்றார். டவுனில் வேறு சபைக்குப் போனேன். காணிக்கைப் பை வந்ததும் எழுந்து வந்துவிட்டேன். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையில் தூக்கம் பரவாயில்லை. ஹீல் 15555 என்ற மனநல உதவி எண்ணுக்கும் அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள், ஆனால் நான் பேசியது மலாயில். உபவாச ஜெபம், சாபம், அபிஷேகம் எல்லாவற்றையும் மலாயில் விளக்கவே அரை மணி நேரம் போய்விட்டது.

விசுவாசத்தை விடும் எண்ணம் இல்லை. "மன்னித்து மறந்துவிடு" மட்டும் வேண்டாம், அது நிறையக் கிடைத்துவிட்டது.

ஈப்போ, தைப்பிங் அல்லது ஆன்லைனில், எந்தச் சபையையும் சேராத, இதெல்லாம் புரிந்து தமிழில் பேசும் கவுன்சலர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?