அகல உழுவதா, ஆழ உழுவதா: சிங்கப்பூருக்கு எத்தனை துறைகளில் ஆய்வு வேண்டும்?

பழைய பொறியாளர்:

அகல உழுவதை விட ஆழ உழுவதே மேல் என்பார்கள். அந்தச் சொல் நிலத்துக்கு மட்டும் உரியதன்று என்று கருதுவதால் இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன். 1991-இல் வந்த சிங்கப்பூரின் முதல் தேசியத் தொழில்நுட்பத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 2 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கப்பட்டது. 2021 முதல் 2025 வரையிலான திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டதோ 25 பில்லியன் வெள்ளி. அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 1 விழுக்காடு. தொகையைப் பற்றி எனக்குக் குறையில்லை. அது போய்ச் சேரும் துறைகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான் குறை. குவாண்டம் இயற்பியல், புற்றுநோய், நிலநடுக்கம், வௌவால், கடற்பஞ்சு, மிதக்கும் சூரியத் தகடு என்று 60 இலட்சம் பேர் வாழும் ஒரு தீவு எல்லாவற்றிலும் கால் வைத்தால் எதில் ஊன்றி நிற்பது?

இது புதிய கேள்வியுமன்று. தேசிய நரம்பியல் கழகத்தின் தலைவராக இருந்த லீ வெய் லிங், 2006-07 காலத்திலேயே, உயிர்மருத்துவ ஆய்வில் எல்லாப் பக்கமும் பாயாமல், கல்லீரல் அழற்சி பி, தலைக்காயம் போன்று நமக்கு இயல்பாகவே அனுகூலம் உள்ள சில துறைகளில் கவனம் செலுத்த வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீரைப் பாருங்கள். தண்ணீர் வேண்டும் என்ற ஒரே இலக்கோடு உழைத்தார்கள், பெற்றார்கள். நீர், நுண்சில்லு, டெங்கி ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டால் போதும் என்பது என் கருத்து.

நுண்ணோக்கி:

ஐயா, புதுநீரை நீங்களே எடுத்துக்காட்டியது நல்லதாயிற்று. 1974-இல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சோதனை ஆலை ஒன்று இங்கே அமைக்கப்பட்டு, செலவு தாங்காமலும் நம்பகமாக இயங்காமலும் விரைவிலேயே மூடப்பட்டது. அன்றைக்கும் இலக்கு இருந்தது, தேவையும் இருந்தது; நீரை வடிகட்டும் சவ்வுதான் சரியாக இல்லை. 1998-இல் மீண்டும் ஆராயத் தொடங்கி, 2000-இல் பிடோக்கில் செயல்விளக்க ஆலை கட்டி, 2003-இல் புதுநீரை மக்களிடம் கொண்டுவர முடிந்ததென்றால், இடைப்பட்ட காலத்தில் சவ்வைப் பற்றிய வேதியியல் வளர்ந்திருந்ததே அதற்குப் பெருங்காரணம். அந்த வேதியியலின் வேர் 1950-களின் இறுதியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் உருவாக்கிய சவ்வில் இருக்கிறது. (சௌரிராஜன் என்ற பெயரைப் பார்த்ததும் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவுக்கு வருவது எனக்கு மட்டும்தானா?)

உங்கள் மூன்றாவது துறையான டெங்கியையும் பார்ப்போம். 2016 முதல் தெம்பனிஸ் வெஸ்ட் உள்ளிட்ட பேட்டைகளில் வோல்பாக்கியா நுண்ணுயிரைச் சுமக்கும் ஆண் ஏடிஸ் கொசுக்களைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் விடுவித்து வருகிறது. அந்த ஆண் கொசுவோடு இணையும் சாதாரணப் பெண் கொசுவின் முட்டைகள் பொரிப்பதில்லை. ஆண் கொசு கடிப்பதும் இல்லை. இந்த நுண்ணுயிரை 1924-இல் ஹெர்டிக், வோல்பாக் என்னும் இருவர் கியூலெக்ஸ் வகைக் கொசுவின் உடலுக்குள் கண்டபோது அவர்கள் டெங்கிக்கு மருந்து தேடிக்கொண்டிருக்கவில்லை. முட்டை பொரிக்காமல் போவதற்கு இதுவே காரணம் என்று விளங்குவதற்கு 1971 வரை ஆயிற்று. டெங்கிக்கு மட்டுமே பணம் தரும் ஒரு குழுவிடம் 1924-இல் அந்த விண்ணப்பம் போயிருந்தால், உங்களைப் போன்ற ஒருவர் அதன்மீது சிவப்பு மையால் கோடு போட்டிருப்பார்.

பழைய பொறியாளர்:

சிவப்பு மைதான் போட்டிருப்பேன், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வாதம் என் பக்கமே சாய்கிறது என்பதைக் கவனித்தீர்களா? சவ்வு பிறந்தது அமெரிக்காவில். வோல்பாக்கியா கண்டறியப்பட்டதும் அமெரிக்காவில். நாம் காத்திருந்தோம், கனிந்ததும் எடுத்துக்கொண்டோம். அடிப்படை அறிவியல் முடிவுகள் உலகுக்குப் பொதுவாக அச்சேறுகின்றன. பெரிய நாடுகள் அகல உழட்டும், விளைந்ததை நாம் கொண்டுவந்து ஆழ நடுவோம். 33 கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நாடு தாங்கும் தோல்விகளை நாம் ஏன் தாங்க வேண்டும்? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; அரிசியையும் நாம் இறக்குமதிதான் செய்கிறோம்.

மருந்தாளர்:

ஐயா, அரிசியை இறக்குமதி செய்யலாம், நம் உடம்பை இறக்குமதி செய்ய முடியாது. 2019-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியை வாசித்து வெளியிட்டார்கள். அவர்களில் 2,780 பேர் சீனர், 903 பேர் மலாய்க்காரர், 1,127 பேர் இந்தியர். அதில் கிடைத்த 9 கோடியே 83 இலட்சம் மரபணு வேறுபாடுகளில் பாதிக்கு மேல் அதற்கு முன் எந்தப் பொதுத் தரவுத்தளத்திலும் பதிவாகாதவை. காத்திருந்தால் ஐரோப்பியர் இதை நமக்காகச் செய்து தருவார்கள் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

இதன் பயனை நான் மருந்தக முகப்பிலேயே காண்கிறேன். வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாஸபைன் மாத்திரை, எச்எல்ஏ-பி 15:02 என்னும் மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் எதிர்விளைவைத் தரக்கூடும். அந்த வகை ஐரோப்பியரிடம் மிக அரிது, தென்கிழக்காசியாவில் அப்படியன்று. தொடர்பை 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2013 முதல் இங்கே ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்வது வழக்கமான சிகிச்சை முறையாயிற்று. மாத்திரையை எழுதுவதற்கு முன் ஒரு சொட்டு இரத்தம், அவ்வளவுதான்.

நீங்கள் வௌவாலைக் கேலியாகச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சார்ஸ் வகைக் கிருமிகளின் இயற்கைப் புகலிடம் குதிரைலாட வௌவால் என்று 2005-இல் அறிவித்த குழுவில் ஒருவர் வாங் லின்ஃபா. பின்னர் சிங்கப்பூருக்கு வந்து டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். 2020-இல் அவருடைய குழு, உயிருள்ள கிருமியோ உயர்பாதுகாப்பு ஆய்வகமோ இல்லாமல், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொவிட்-19 கிருமியைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் உள்ளதா என்று காட்டும் சோதனையை உருவாக்கியது. 2003-இல் இங்கே 238 பேரைத் தாக்கி 33 பேரைப் பலிகொண்ட சார்ஸ் முடிந்துவிட்டது, இனி வௌவால் எதற்கு என்று உலகம் முழுவதும் கைகழுவியிருந்தால், அந்தக் கை 2020-இல் வெறுங்கையாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்றில் ஐயாவோடு உடன்படுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஆய்வு நிதியில் வாங்கிய விலையுயர்ந்த கருவி ஒன்று, நிதிக்காலம் முடிந்து அதை இயக்கத் தெரிந்தவரும் வேறு வேலைக்குப் போன பிறகு, ஈராண்டு துணி போர்த்தப்பட்டுக் கிடந்தது. துறைகள் பெருகும்போது ஆட்கள் பெருகுவதில்லை.

தோட்டத்துப் பேரன்:

காத்திருந்து கொண்டுவரலாம் என்ற வாதத்தைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் தாத்தா மலாயாவின் ஜொகூரில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். 1877-இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரத்தைக் கொண்டுவந்தாயிற்று, அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. 1888-இல் தாவரப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை 1890-களில் வகுத்தார். தோட்ட முதலாளிகள் அவரைப் பித்தர் என்றார்கள். அந்தப் பித்து இல்லாவிட்டால் எங்கள் குடும்பம் கப்பலேறியே இருக்காது. (ஏறியது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம், என் பாட்டியிடம் கேட்டால் வேறு பதில் வரும்.)

பழைய பொறியாளர்:

தம்பி, ரிட்லி ஒரே மரத்தைப் பல ஆண்டுகள் விடாமல் ஆராய்ந்தார். நான் சொல்லும் ஆழ உழவு அதுதானே?

தோட்டத்துப் பேரன்:

ஐயா, அதே ரிட்லிதான் மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களை எல்லாம், பயன் உண்டா இல்லையா என்று பாராமல், பட்டியலிட்டு ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். அவர் பார்த்த ஆயிரக்கணக்கான செடிகளில் ரப்பரும் ஒன்று.

நுண்ணோக்கி:

இதே ஊரில் இன்னொரு கதையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்னத்தின் குழுவினால் 1983-இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. பின்னர் 1994-இல், மனிதக் கருவின் உள்ளணுத் திரளிலிருந்து, உடலின் பல வகை அணுக்களாக வளரக்கூடிய குருத்தணுக்களைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தவர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆரிஃப் போங்சோ. அவர் படித்தது மனித மருத்துவம் அன்று, கால்நடை மருத்துவம். மகப்பேறு என்ற ஒரே துறைக்குள் ஆள் தேடியிருந்தால் அவருக்கு நேர்காணலே கிடைத்திருக்காது.

பழைய பொறியாளர்:

கதைகள் அழகாக இருக்கின்றன. வென்ற கதைகள் என்றைக்கும் அழகாகத்தான் இருக்கும். அகல உழுது ஒன்றும் முளைக்காத நிலங்களைப் பற்றி யாரும் இங்கே எழுதவில்லை. 2010-களில் சில பன்னாட்டு மருந்து நிறுவனங்கள் இங்கிருந்த ஆய்வுக்கூடங்களை மூடிவிட்டுப் போனதை மறந்துவிட்டீர்களா? எனவே நேராகக் கேட்கிறேன். இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் நம்மைச் சுற்றியுள்ள கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024-இல் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு சொல்கிறது. கரையைக் காக்க நீண்ட காலத்தில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் சொன்னார். அவ்வளவு பெரிய செலவு வாசலில் நிற்கும்போது, எல்லாத் துறையும் வேண்டும் என்கிற நீங்கள் எதை வேண்டாம் என்பீர்கள்? ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்லாதவரிடம் நான் பணப்பெட்டியின் சாவியைத் தர மாட்டேன்.

நுண்ணோக்கி:

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று.

எல்லாத் துறையின் அகலத்துக்கும் ஒரே விலை இல்லை என்பதை நாம் இருவருமே கணக்கில் கொள்ளவில்லை. நீங்கள் பட்டியலில் சேர்த்த கடற்பஞ்சையே எடுத்துக்கொள்வோம். நெப்டியூன் கிண்ணம் என்னும் பெரிய கடற்பஞ்சு 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர்க் கடலில் அறியப்பட்டு, பிறகு நூறாண்டுகளாகக் கண்ணில் படாமல், அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 2011-இல் செயிண்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே அது உயிரோடு இருப்பதை முக்குளிப்பவர்கள் கண்டார்கள். இதற்கு வேண்டியவை ஒரு படகு, சில முக்குளிப்பாளர், பழைய மாதிரியோடு ஒப்பிட்டுச் சொல்லத் தெரிந்த ஒருவர். நீங்கள் சொல்லும் 100 பில்லியன் வெள்ளிக் கரையை எங்கே, எந்தப் பவளத்தின்மீது, எந்தச் சேற்றின்மீது கட்டப் போகிறோம் என்று சொல்லப் போகிறவரும் அதே ஆள்தான். இயற்கை அறிவியலில் அகலம் மலிவானது. அதில் சிக்கனம் பிடித்து மிச்சமாவது மிகக் கொஞ்சம்.

பெரிய இயந்திரம் ஒன்றைக் கட்டினால்தான் நுழையவே முடியும் என்ற துறைகளை வேண்டாம் என்பேன். அங்கே நம் மாணவர்களை விருந்தினராக அனுப்பலாம். பெரிய நாடுகளில் ஐம்பது கூடங்கள் செய்துகொண்டிருப்பதை ஐம்பத்தோராவதாகச் செய்யும் மருந்துத் திட்டங்களையும் வேண்டாம் என்பேன். மருந்தாளர் சொன்ன, துணி போர்த்திய கருவியையும் வேண்டாம் என்பேன்; அந்தப் பணத்தில் அதை இயக்குபவருக்குப் பத்தாண்டுச் சம்பளம் தருவேன். பொறியியலில் நீங்கள் சொல்வதுபோல் நீரையும் நுண்சில்லையும் ஆழ உழுவதற்கு எனக்கு மறுப்பில்லை.

மருந்தாளர்:

ஐம்பத்தோராவது என்று நீங்கள் தள்ளும் திட்டம் நம் மரபணு வகைக்கான முதலாவதாக இருந்தால்? அதை யார் தீர்மானிப்பது?

பழைய பொறியாளர்:

மருந்தாளரின் கேள்விக்கு நுண்ணோக்கி பதில் சொல்லட்டும், நான் குறுக்கே வரவில்லை. படகுக்கும் முக்குளிப்பாளருக்கும் நான் கையெழுத்துப் போடுகிறேன். கருவியை இயக்குபவரின் பத்தாண்டுச் சம்பளத்துக்கும் போடுகிறேன். அது நான் வேலையில் இருந்த காலத்திலேயே கேட்டுக் கிடைக்காத ஒன்று. அடுத்த ஆய்வுக் கட்டடத்துக்கு மட்டும் இன்னும் பேனாவை எடுக்கவில்லை.