சிறுகுறிஞ்சான் மென்றபின் சர்க்கரை மணலாவது ஏன்? எலி ஏற்பியில் ஏன் நடப்பதில்லை?

இலைச்சாறு:
சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரை போட்டால் நறநறவென்று மணல்தான். உப்பும் புளிப்பும் அப்படியே தெரிகின்றன. அடைபடுவது நாக்குச் செல்லில் இனிப்பை உணரும் புரதமான ஏற்பியா, அதற்குப் பின்னால் சேதியைக் கடத்தும் டிரிப்எம்5 சானலா (அயனிகளை விடும் வாசல்)? எலியின் இனிப்பு ஏற்பியின் இரு பாதிகளான டி1ஆர்2, டி1ஆர்3 இரண்டையும் ஹெச்இகே293 என்ற ஆய்வகச் செல்லில் ஏற்றி, இந்த இலையில் உள்ள ஜிம்னீமிக் அமிலம் விட்டால், சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்புக்கு வரும் கால்சியம் ஒளிர்வு (ஏற்பி தூண்டப்பட்டதைக் காட்டும் வெளிச்சம்) குறையவே இல்லை. எங்கே தப்பு?

நாக்குநுனி:
ஏற்பிதான். ஏற்பிக்குப் பிறகு இனிப்பும் கசப்பும் பிஎல்சி பீட்டா2 என்ற நொதி, அது உண்டாக்கும் ஐபி3, கால்சியம், டிரிப்எம்5 என்று ஒரே வழியில்தான் போகும். டிரிப்எம்5 அடைபட்டிருந்தால் கசப்பும் மங்கணும். மெல்லும்போது இலையின் கசப்பே நன்றாகத் தெரிகிறதே! புளிப்புக்கு வேறு செல், அங்கே ஓடோப்1 என்ற புரோட்டான் சானல். அதை இந்த இலை தொடுவதில்லை.

சவ்வுக்காரன்:
தப்பு எலியில். ஜிம்னீமிக் அமிலம் உட்காருவது மனித டி1ஆர்3-இன் செல் சவ்வுக்குள் புதைந்த பகுதியில். எலியில் அந்த இடத்து அமினோ அமிலங்கள் வேறு. வேடிக்கை என்னவென்றால், எலியின் இனிப்பை அடக்க இதே இலையில் குர்மாரின் என்ற 35 அமினோ அமிலப் பெப்டைடு (சிறு புரதம்) இருக்கிறது. மனிதருக்கு அது பெரிதாக எதுவும் செய்யாது.

எலிக்குப் பதில் மனித டி1ஆர்2, டி1ஆர்3 ஜோடியை மாற்றிப் போடுங்க, ஏற்பியின் சேதியைக் கால்சியமாக மாற்றும் ஜிஆல்ஃபா16-கஸ்ட்44 என்ற இணைப்புப் புரதம் கூடவே. இனிப்பை அடக்கும் லாக்டிசோலையும் ஒப்பிட்டுப் பார்க்க, செல் தட்டின் ஒரு குழியில் வைங்க. அதுவும் மனித டி1ஆர்3-ஐத்தான் அடக்கும், எலியில் பலிக்காது. சரிபார்க்க ஐசோபுரோட்டரினால் என்ற மருந்தும் கட்டாயம் வேணும்: அது தூண்டினால், இனிப்போடு சம்பந்தமில்லாத ஹெச்இகேவின் சொந்த பீட்டா2 ஏற்பி ஜிஆல்ஃபா16 வழியே கால்சியத்தை ஏற்றும். அந்த ஒளிர்வும் விழுந்தால் இனிப்பு அடங்கியதாக எழுதிவிடாதீங்க. ஜிம்னீமிக் அமிலம் சபோனின், சோப்பு மாதிரி. அளவு மிஞ்சினால் சவ்வையே கிழிக்கும்.

இலைச்சாறு:
செல் வளர்க்கும் மீடியத்தில் (ஊட்டக் கரைசல்) லிட்டருக்கு 4.5 கிராம் குளூக்கோஸ் உள்ளது. பரவாயில்லையா?

சவ்வுக்காரன்:
வேண்டாம். அது 25 மில்லிமோலார், ஏற்பி இரவெல்லாம் இனிப்பிலேயே ஊறிக் கிடக்கும். குறைந்த குளூக்கோஸ் மீடியத்துக்கு மாறுங்க.

நாக்குநுனி:
இலையை வகுப்பில் மென்று காட்டுவதானால் 2 இலை, ஒரு நிமிஷம் மென்று துப்பணும். விழுங்க வேண்டாம், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் தவிர்க்கணும். வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் சட்டென்று போகாது, அரை மணி நேரமாவது நிற்கும். காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரைசலில் கொப்பளித்தால் இனிப்பு திரும்பும். 8 குளூக்கோஸ் சேர்ந்த அந்த வளையம் ஜிம்னீமிக் அமிலத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதற்கே லேசான இனிப்பு உண்டு. நல்ல தண்ணீரில் இன்னொரு முறை கொப்பளித்த பிறகே சர்க்கரையைக் கொடுங்க.