புதுப்பிப்பு: அப்பாவுக்கு மருந்து தடவிய ஸ்டென்ட் வைத்தாயிற்று

மாரடைப்பு வந்த அப்பாவுக்கு, இதயத்தின் இரத்தக் குழாயை விரித்துப் பிடிக்க உள்ளே வைக்கும் சின்ன வலையான ஸ்டென்ட் வெறும் உலோகமாக இருந்தால் போதுமா, மருந்து தடவியதுதான் வேணுமா என்று மட்டக்களப்பிலிருந்து கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

மருந்து தடவியதையே வைத்தார்கள். சீனி வருத்தமும் ஒடுங்கிய குழாயும் இருந்தால் மறுபடி அடைபடும் வாய்ப்புக் கூட என்று கல்முனை அண்ணன் ஒருவர் எழுதியதைத்தான் டொக்டரும் சொன்னார். வெறும் உலோகத்தில் நூற்றுக்கு 20, 30 பேருக்குத் திரும்ப ஒடுங்குமாம். மருந்து தடவியதில் 10-க்கும் குறைவு. அப்பாவுக்கு வைத்ததில் இருப்பது எவரோலிமஸ். குழாய்ச் சுவரின் தசைக் கலங்கள் பெருகி உள்பக்கம் வளர்வதை அது தடுக்கிறது. சில மாதங்களில் மருந்து இறங்கித் தீர்ந்துவிடும், வலை மட்டும் அங்கேயே இருக்கும்.

எதிர்பாராதது பல்வலி. பல் பிடுங்கப் போன இடத்தில், இரத்தம் உறையாமல் இருக்க அப்பா போடும் குளோபிடோக்ரெல் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். நல்லகாலம், "இதய டொக்டரைக் கேட்காமல் ஒரு வேளையும் விடாதீங்க" என்று இங்கே ஒரு அக்கா எழுதியிருந்தார். கேட்டோம். ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து, அஸ்பிரினோடு சேர்த்து ஒரு வருடம் போடத்தான் வேணும் என்றார். மாத்திரையை நிறுத்தாமலே பல்லைப் பிடுங்கியாயிற்று. பஞ்சை வழமையைவிடக் கொஞ்சம் கூட நேரம் கடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்ட தம்பிக்கு: இப்போதைய ஸ்டென்ட் இருந்தாலும் எடுக்கலாமாம், ஸ்டென்ட் வைத்தபோது தந்த அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.